முகம் கழுவிய ராக்கியா

வ்ரானோவோ
1994 மார்ச் 6

ஒக்னியான்,

நீ தலைநகர் சோபியாவுக்குப் போன பிறகு ஆபீஸில் உன் ஆசிரியர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. துணையாசிரியர் ஸ்லாவ்சோ மட்டும் தூசி தட்டுவது போல தினமும் ஒருமுறை அதன் முதுகைத் தடவிப் பார்க்கிறார். இந்த வாரமே உட்கார்ந்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

போனில் ஏன் சரியாகப் பேசவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஆபீஸ் போன் நடு அறையில் இருப்பது உனக்குத் தெரியும். நான் "ஹலோ" என்றதும் தட்டச்சு சத்தம் நின்றுபோகிறது. நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது "சரி, சரி" என்பதைத் தவிர எனக்கு என்ன வரும்? எனக்குக் கடிதத்தில்தான் வாய்.

வீட்டில் சொல்லிவிட்டேன். சுரங்கத் துறை அமைச்சருடைய பத்திரிகைச் செயலாளர் என்றதும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அப்பாதான் கேட்டார்.

"அப்போ பத்திரிகைய விட்டுட்டானா?"

"இப்போ அமைச்சருக்காக எழுதுறார்ப்பா."

"ஏன், அமைச்சருக்கு எழுதத் தெரியாதா?"

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அம்மா. "பொண்ணு சோபியாவுல குடித்தனம் பண்ணப் போறா."

"பண்ணட்டும். நான் கேட்டது வேற."

கோபம் இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். உன்மேல் அவருக்கு மதிப்பு உண்டு. நம் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்கிற ஒரே சுரங்க வெடிக்காரர் அவர்தான். மெய்ப்பு பார்ப்பது நான் என்பதால், பிழை கிடைத்தால் பென்சிலால் வட்டம் போட்டு என் தட்டுப் பக்கத்தில் வைத்துவிடுவார்.

இன்னொரு விஷயம். சுரங்கத்தின் மூன்றாம் பிரிவில் காற்று விசிறி நின்று நின்று ஓடுகிறதாம். சுரங்க வாயு வெளியே போகாமல் தேங்குகிறது என்று அப்பா மேலாளரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். நான் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். ஸ்லாவ்சோ அதை இழுப்பறையில் போட்டுவிட்டார். "அமைச்சகத்துல இப்போ நம்ம ஆளு இருக்கார். இந்த நேரத்துல இதையா போடுறது?" என்கிறார். நீ அங்கே ஒரு வார்த்தை சொல்வாயா?

நெவேனா

சோபியா
மார்ச் 14

என் நெவேனா,

உன் கடிதத்தை அமைச்சகத்துப் படிக்கட்டில் நின்றுகொண்டே படித்தேன். உன் அப்பாவின் கேள்விக்கு இங்கே வந்த முதல் நாளே பதில் கிடைத்துவிட்டது. அமைச்சருக்கு எழுத வரும், நிறுத்தத்தான் வராது. ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வருவார். நான் அதை ஆறு வரியாக்குவேன். மறுநாள் பேப்பரில் அந்த ஆறு வரியைப் பார்த்து, "பார்த்தியா ஒக்னியான், எவ்வளவு சுருக்கமாச் சொல்லியிருக்கேன்" என்பார்.

சிரிக்காதே. ஒன்று சொல்கிறேன். பன்னிரண்டு வருஷம் நான் வெளியே நின்று கதவைத் தட்டியிருக்கிறேன். இப்போது உள்ளே இருக்கிறேன். நம் ஊருக்கு என்ன வேண்டும் என்று தலையங்கம் எழுத வேண்டியதில்லை, பக்கத்து அறைக்கு நடந்து போய்ச் சொன்னால் போதும்.

விசிறி விஷயத்தை உரியவரிடம் சொல்லிவிட்டேன். அப்பாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். ஆனால் ஸ்லாவ்சோ செய்தது சரிதான். சுரங்கங்களுக்கு வெளிநாட்டுக் கடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் சொந்த ஊர்ப் பத்திரிகையிலேயே இப்படி வந்தால் என் முகத்தை எங்கே வைப்பது?

வீடு பார்த்துவிட்டேன். நாலாவது மாடி, லிப்ட் இல்லை. சமையலறை ஜன்னலிலிருந்து வித்தோஷா மலை தெரியும், பனி இன்னும் கரையவில்லை. மே மாதம் புனித கியோர்கி நாள் முடிந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்வோம்.

உன் ஒக்னியான்

வ்ரானோவோ
ஏப்ரல் 22

ஒக்னியான்,

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டில் மூன்றாம் பிரிவில் வாயு வெடித்தது. ஐந்து பேர் போய்விட்டார்கள். அப்பாவும் ஒருவர். நேற்று அடக்கம் செய்தோம்.

செவ்வாய் மாலை அப்பாவைக் கூடத்தில் வைத்திருந்தோம். பக்கத்து வீட்டில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அமைச்சகத்தின் அறிக்கை வாசித்தார்கள். "ஐந்து குடும்பங்களின் துயரத்தில் நாடே பங்குகொள்கிறது. ஆயினும் துயரம் உண்மையிலிருந்து நம் கண்களைத் திருப்பிவிடக் கூடாது. வெடிக்காரர் பணியின்போது மது அருந்தியிருந்ததாக முதற்கட்டத் தகவல்கள் தெரிவிக்கின்றன."

மூன்றாம் பிரிவில் அந்த ஷிப்டுக்கு வெடிக்காரர் ஒருவர்தான்.

யாரோ ஓடிப்போய் வானொலியை அணைத்தார்கள். அம்மா அப்பாவின் காலுறையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். நான் மூன்று வருஷம் உங்கள் தலையங்கங்களுக்கு மெய்ப்பு பார்த்தவள். முதல் வாக்கியத்தில் தோளில் கை போட்டு, இரண்டாவதில் கையை எடுத்து, மூன்றாவதில் அடிப்பது யார் என்று எனக்குத் தெரியும்.

அதை எழுதியது நீங்களா என்று மட்டும் சொல்லுங்கள்.

நெவேனா

சோபியா
ஏப்ரல் 25

நெவேனா,

நான்தான்.

நீ 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். என்னால் அதற்கு மேல் படிக்க முடியவில்லை, பிறகு படித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். வானொலிச் செய்திக்குச் சற்று முன்பு ஆய்வாளரின் குறிப்பு தொலைநகலில் வந்தது. அதில் யாருடைய பெயரும் இல்லை. 'வெடிக்காரரின் உடலில் மது வாடை' என்று இருந்தது. அமைச்சர் என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, "இதை விட்டுடாதே" என்றார். நான் எழுதிக் கொடுத்தேன். ஐந்து பெயர்களும் வந்தபோது வானொலியில் வாசித்து முடித்திருந்தார்கள். மெத்தோதி என்ற பெயரைப் படித்ததும் நான் போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். உன் ஆபீஸ் போன் நடு அறையில் இருக்கிறது என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அடக்கத்துக்கு வர அனுமதி கேட்டேன். இந்த நேரத்தில் அமைச்சக ஆள் அங்கே போவது நல்லதில்லை என்றார்கள்.

பெயர் தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இதை மட்டும் நம்பு.

ஒக்னியான்

வ்ரானோவோ
மே 4

ஒக்னியான்,

பெயர் தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டீர்களா? அப்படியானால் வேறொரு வெடிக்காரரின் மகள் கூடத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் பரவாயில்லையா? எட்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். துக்க வீடு என்பதால் அம்மா இந்த ஈஸ்டருக்கு முட்டைக்குச் சாயம் போடவில்லை. வெள்ளை முட்டைகளைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

அப்பாவுக்கு வயிற்றில் அறுவை நடந்த பிறகு அவர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. பண்டிகைக்குக்கூடக் கோப்பையை உதட்டில் தொட்டுவிட்டு வைத்துவிடுவார். இது உங்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டு மேஜையில் அந்தக் கோப்பையை நீங்கள்தான் வாங்கிக் குடிப்பீர்கள்.

மது வாடை எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? ஸ்பாஸ் மாமா அப்பாவோடு ஒரே ஷிப்டில் இருந்தவர், அவர்தான் அப்பாவைத் தூக்கி வந்தார். நேற்று வந்து வாசலிலேயே நின்றார்.

"நான்தாம்மா ஊத்தினேன். கரி அப்பின முகத்தோட உங்கம்மா பென்கா முன்னால கொண்டுவந்து கிடத்த முடியுமா? அஞ்சு பேரையும் கழுவித்தான் மேல அனுப்புனோம். என் வீட்டுல காய்ச்சுன பிளம் சாராயம், ராக்கியா. அந்த ஆய்வாளர் பையன் குனிஞ்சு மோந்து பாத்துட்டு எழுதுனான். ஏன்யா எழுதுறன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"மத்த நாலு பேர்மேலயும் அதே வாடைதானே மாமா?"

"அவன் வெடிக்காரன மட்டும்தான் மோந்தான்."

சுரங்கத்தில் இறந்தவரின் முகத்தை ராக்கியா ஊற்றித் துணியால் துடைத்துத்தான் வெளியே கொண்டுவருவார்கள் என்பது சோபியாவிலிருந்து வந்த ஆய்வாளருக்குத் தெரியாது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் அப்பாவையும் அப்படிக் கழுவித்தானே கொண்டுவந்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வெலிகா அத்தை பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். இறந்த ரோசெனின் அம்மா. ரோசென் ஷிப்டிலேயே சின்னப் பையன். அத்தை படியேறவில்லை. தெருவில் நின்று, "உன் புருஷன் குடிச்சுட்டு என் பிள்ளையக் கொன்னுட்டான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கத்தவில்லை, சாதாரணக் குரலில் சொன்னார். அன்றிலிருந்து அம்மா ரொட்டி வாங்கக்கூட வெளியே போவதில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். எந்த வாயால் அப்பாவைக் குடிகாரர் என்றார்களோ அதே வாயால் இல்லை என்று சொல்ல வேண்டும். ஸ்லாவ்சோ மறுத்துவிட்டார். அமைச்சகம் சொன்னதை அமைச்சகம்தான் மாற்ற வேண்டுமாம். நீங்கள் மாற்றும்வரை நான் சும்மா இருக்கப் போவதில்லை. இறந்தவர்களுக்காகச் சுவரில் ஒட்டும் அஞ்சலித் தாளை அடிக்க நம் ஊரில் யாரும் அனுமதி கேட்பதில்லை. அப்பாவின் தாளை நானே எழுதிவிட்டேன். ஒரு பிரதி இத்துடன்.

நெவேனா

(கறுப்புக் கட்டமிட்ட தாள். நடுவில் தொப்பி அணிந்த ஒருவரின் புகைப்படம்.)

மெத்தோதி
வெடிக்காரர், மூன்றாம் பிரிவு
காற்று விசிறி நிற்கிறது என்று சொன்னார். யாரும் கேட்கவில்லை.
அவர் குடிக்கவில்லை. அவர் முகத்தைக் கழுவியது நாங்கள். ராக்கியா எங்களுடையது.
— அவரது ஷிப்ட் தோழர்கள்

சோபியா
மே 17

நெவேனா,

அந்தத் தாளின் புகைப்படம் நேற்று என் மேஜைக்கு வந்தது. மின்கம்பங்களில், ரொட்டிக் கடைக் கதவில், பஸ் நிலையத்தில், சுரங்க வாசலில், எங்கும் இருக்கிறது என்கிறார்கள். யாரும் கிழிக்கவில்லை. அமைச்சருக்கு அதுதான் புரியவில்லை. "உங்க ஊர்ல ஒட்டுனதை யாரும் கிழிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். அஞ்சலித் தாளில் யாரும் கை வைக்க மாட்டார்கள், மழையும் வெயிலும்தான் எடுக்க வேண்டும் என்றேன்.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகப் படி. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. அது முடியும்முன் வெளியான அறிக்கையைத் திருத்தும் வழக்கம் இல்லை. இறந்தவர்களின் நாற்பதாம் நாள் நினைவுக்கு அமைச்சர் நேரில் வந்து மலர் வளையம் வைக்கிறார், தொலைக்காட்சியும் வருகிறது. அந்தச் சுவர்களுக்கு முன்னால் அவரை நிறுத்தினால் அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் திருத்தம் எப்போதும் வராது. அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் தாள்களை எடுத்துவிடு. பிறகு, விசாரணை முடிவில் ஒரு மென்மையான வாசகம் சேர்க்க நான் வழி செய்கிறேன்.

உன் நல்லதுக்காகத்தான் கேட்கிறேன். எனக்காகவும்.

ஒக்னியான்

வ்ரானோவோ
மே 29

ஒக்னியான்,

மென்மையான வாசகம் எனக்கு வேண்டாம் என்று தந்தி அடித்தேன். கிடைத்திருக்கும்.

நேற்று நாற்பதாம் நாள். நீங்கள் இரண்டாவது காரில் இருந்தீர்கள். மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே போனீர்கள், அதனால் உங்களுக்குத் தெரியாமல் போனதைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை நகராட்சிப் பெண்கள் வாளியும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். 'ஊர்த் தூய்மையை முன்னிட்டுப் பொதுச் சுவர்களிலும் கம்பங்களிலும் உள்ள எல்லாக் காகிதங்களையும்' அகற்ற உத்தரவாம். அப்பாவுடையதை மட்டும் எடுத்தால் பேச்சு வரும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஊரின் எல்லா இறந்தவர்களையும் எடுத்துவிட்டார்கள். போன மாதம் இறந்தவர்கள், ஒரு வருஷம் ஆனவர்கள், சாயம் போய் முகமே தெரியாதவர்கள்.

ரதா அக்கா அழுதுகொண்டே சுரண்டிக்கொண்டிருந்தாள். இலியா தாத்தா பின்னாலேயே நடந்தார்.

"ஏய், பாத்துச் சுரண்டு. அது என் பொண்டாட்டி."

"தெரியும் தாத்தா. எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிட்டாங்க."

"உயிரோட இருந்தப்போ அவள ஒருத்தனும் ஊரை விட்டு அனுப்புனதில்ல. இப்போ காலி பண்ணச் சொல்றாங்களா?"

"நான் என்ன பண்ணட்டும்? என் அம்மாவையே இப்பத்தான் கிழிச்சுட்டு வர்றேன்."

தாத்தா ஈரத் தாளை அவள் கையிலிருந்து வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். சட்டை நனைந்தது.

யார் முதலில் நினைத்தார்கள் என்று தெரியவில்லை. சுவரில்தானே ஒட்டக் கூடாது, கையில் பிடிக்கக் கூடாது என்று உத்தரவு இல்லையே என்று ஸ்பாஸ் மாமா சொன்னதாகக் கேள்வி. நேற்று உங்கள் கார்கள் வந்தபோது தெருவின் இரண்டு பக்கமும் அவரவர் வாசலில் அவரவர் இறந்தவர்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றோம். யாரும் கோஷம் போடவில்லை. தொலைக்காட்சிக்காரர் காமிராவைக் கீழே இறக்கிவிட்டார்.

நானும் அம்மாவும் எங்கள் வாசலில் நின்றிருந்தோம். அம்மா நாலு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் படி இறங்கினாள். வெலிகா அத்தை தெரு முனையிலிருந்து நடந்து வந்தார். கையில் ரோசெனின் தாள். எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"ஸ்பாஸ் வந்து சொன்னான்," என்றார். "என் பிள்ளை முகத்தையும் அவன்தான் கழுவுனானாம்."

அம்மா தலையாட்டினாள்.

"மெத்தோதியோடது இன்னொண்ணு இருக்கா?"

கொடுத்தேன். ஒரு கையில் ரோசென், ஒரு கையில் அப்பா. அம்மாவை ஒட்டி நின்றுகொண்டார். அப்போதுதான் உங்கள் கார் போனது.

ஊர் இனி அப்பாவைப் பற்றிச் சந்தேகப்படாது. ஆனால் அந்த அறிக்கை சோபியாவில் கோப்பில் இருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து யாரோ எடுத்துப் பார்த்தால் அதில் அப்பா குடிகாரர்தான். அதை எடுக்க நான் எந்தச் சுவரில் எதை ஒட்டுவது?

அந்தத் தூய்மை உத்தரவு யாருடையது என்று இந்த முறை நான் கேட்கவில்லை.

நெவேனா

சோபியா
ஜூன் 9

நெவேனா,

நீ கேட்காததையும் சொல்கிறேன். அந்த உத்தரவை நான்தான் எழுதினேன். நகராட்சி கையெழுத்து மட்டும் போட்டது. 'எல்லாக் காகிதங்களையும்' என்பது என் யோசனை. அப்படி எழுதினால் உன் அப்பாவைக் குறிவைத்தது போல இருக்காது என்று நினைத்தேன். எழுதும்போது அது நாகரிகமாகக்கூடத் தோன்றியது.

இன்னும் இரண்டு இருக்கின்றன. இவற்றை எழுத மூன்று நாள் ஆனது.

அன்று 'மது வாடை' என்று தொலைநகலில் படித்தவுடனேயே எனக்கு என் அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. ஈரமாக, சுத்தமாக, அந்த வாடையோடு. அந்த வாடை எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், நெவேனா. ஒரு கணம் பேனாவை நிறுத்தினேன். அமைச்சர் மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆய்வாளர் இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுதினேன்.

விசிறி விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அமைச்சகத் தாளில் இன்னொரு அறிக்கை எழுதி, யாரிடமும் காட்டாமல் வானொலிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மதியச் செய்தியில் வாசித்தார்கள். நீ கேட்டிருப்பாய். அது இப்போது கோப்பில் இருக்கிறது, முதல் அறிக்கைக்கு மேலே. எடுக்க முடியாது, வாசித்தாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் என் மேஜையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அமைச்சர் கத்தவில்லை. "உன்னை நல்லா எழுதுறவன்னு நினைச்சுக் கூட்டிட்டு வந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டைக் காலி செய்ய ஒரு வாரம் ஆகும். பதினெட்டாம் தேதி சனிக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறேன். ஸ்லாவ்சோ மூலையில் ஒரு மேஜை கொடுத்தால் போதும். நீ பஸ் நிலையத்துக்கு வருவாயா? எதுவும் பேச வேண்டாம். நிற்பாயா என்று மட்டும்.

ஒக்னியான்

வ்ரானோவோ
ஜூன் 13

ஒக்னியான்,

கேட்டோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வானொலியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். 'வெடிக்காரர் மெத்தோதி மது அருந்தியிருக்கவில்லை. காற்று விசிறி பழுதானது குறித்து அமைச்சகத்தின் பத்திரிகைச் செயலாளருக்கு மார்ச் மாதமே எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டது. அவர் நடவடிக்கை எடுக்கவில்லை.' இந்த இடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். உன்னையே நீ 'அவர்' என்று எழுதியிருந்தாய்.

அன்று சாயங்காலம் ரொட்டிக் கடைக்கு அம்மா தனியாகப் போய்வந்தாள். திரும்பி வந்து ரொட்டியை மேஜையில் வைத்து, எனக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். அதற்காக உனக்கு நன்றி. மனதாரச் சொல்கிறேன். நீ இழந்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

வானொலி நிலையத்துக்குப் போன் செய்து இரண்டு அறிக்கைகளையும் தொலைநகலில் வரவழைத்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பிழை தேடுவதுதானே என் வேலை. கிடைக்கவில்லை. முதலாவதைப் படித்தால் அப்பா குடித்திருப்பாரோ என்று எனக்கே ஒரு நொடி தோன்றுகிறது. இரண்டாவதைப் படித்தால் அழுகை வருகிறது. உன் மார்ச் மாதக் கடிதத்தையும் எடுத்தேன். 'உரியவரிடம் சொல்லிவிட்டேன். அப்பாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.' அந்த வரிகளிலும் ஒரு தடுமாற்றம் இல்லை. நான் அப்பாவிடம் அதைச் சொன்னேன், ஒக்னியான். அவர் கவலைப்படுவதை விட்டுவிட்டார்.

நாளை நீ என்னிடம் எதைச் சொன்னாலும் நான் நம்பிவிடுவேன். உன்னை நம்பாமல் இருக்க எனக்குத் தெரியாது. அதனால்தான் உன்னோடு ஒரு வீட்டில் இருக்க முடியாது.

ஊருக்கு வா, இது உன் ஊர். ஸ்பாஸ் மாமா உனக்கு வணக்கம் சொல்வார்; கேட்டுவிட்டேன். ஸ்லாவ்சோ மேஜை தருவார். நீ எழுதுவதற்கு மெய்ப்பு பார்க்க வேறொருவரைத் தேடச் சொல்லியிருக்கிறேன். வேறொரு வட்டாரத்துப் பள்ளி நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பதினைந்தாம் தேதி அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போகிறேன்.

நேற்று அம்மா உன் இரண்டாவது அறிக்கையை என்னை உரக்கப் படிக்கச் சொன்னாள். கேட்டு முடித்ததும், "இவ்வளவு நல்லா எழுதத் தெரிஞ்சவன் இதையே முதல்ல எழுதியிருக்கக் கூடாதா?" என்றாள். உன்னிடம் அதற்குப் பதில் இருக்கும். படித்தால் எனக்கும் அது சரியென்றே தோன்றும்.

அதனால் நீ எழுத வேண்டாம்.

நெவேனா